உடலுழைப்பு வேலைக்கு மாறினால் தினசரி கலோரி இலக்கை எப்படி வைப்பது?

குடோன்_ஷிப்ட் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பல வருடம் கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை. இப்போது பெரிய குடோன் ஒன்றில் ஆர்டர் எடுக்கும் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். 8 மணி நேர ஷிப்ட், வாரம் 5 நாள். கையில் ஸ்கேனர், முன்னால் டிராலி. ரேக் ரேக்காக நடந்து பெட்டிகளை எடுத்து வைக்க வேண்டும். பிறகு மேஜையருகே நின்றபடியே பேக்கிங். உட்காருவது இடைவேளையில் மட்டும்தான்.

வயது 34, உயரம் 172 செ.மீ., எடை 78 கிலோ. 70 கிலோவை ஒட்டி வர வேண்டும் என்பது ஆசை. கலோரி கணக்கிடும் ஆப், செயல்பாட்டு அளவு என்ன என்று கேட்கிறது. லேசானது என்று போட்டால் எடை மாறாமல் இருக்க 2,324 கலோரி என்கிறது. மிகச் சுறுசுறுப்பு என்று போட்டால் 2,915. ஏறக்குறைய 600 கலோரி வித்தியாசம். நான் குறைக்க நினைப்பதே நாளுக்கு 400தான். தவறான பெட்டியைத் தொட்டால் மொத்த முயற்சியும் வீண்.

போதாததற்கு வாட்ச் தன் பங்குக்கு எரித்த கலோரி என்று தனியாக ஒரு எண்ணைக் காட்டுகிறது. அதையும் கூட்டிக்கொள்ள வேண்டுமா? உடலுழைப்பு வேலையில் இருந்துகொண்டே எடை குறைத்தவர்கள் சொல்லுங்கள்.

---

மாலைநடை எழுதியது:

இப்போதைக்கு நடுவில் இருக்கும் மிதமானது என்பதை வைத்துத் தொடங்குங்கள். வாட்ச் எண்ணைக் கூட்டவே கூட்டாதீர்கள். செயல்பாட்டு அளவைத் தேர்ந்தெடுத்தபோதே வேலையில் நடப்பது கணக்கில் வந்துவிட்டது. அதே நடையை வாட்ச் வழியாக மறுபடி சேர்த்தால் ஒரே உழைப்புக்கு இரண்டு தடவை சாப்பிடுவீர்கள்.

---

எண்கணக்கு எழுதியது:

குடோன்_ஷிப்ட், நீங்கள் கொடுத்த விவரமே போதும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆப் காட்டும் எண் இரண்டு படிகளில் வருகிறது. முதலில் அடிப்படை வளர்சிதை மாற்றம். அதாவது நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடல் செலவழிக்கும் கலோரி. இதற்கு அதிகம் பயன்படுவது 1990-ல் வெளியான மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரம். எடையை 10-ஆல், உயரத்தை 6.25-ஆல், வயதை 5-ஆல் பெருக்கி, முதல் இரண்டையும் கூட்டி, வயதின் பங்கைக் கழித்து, ஆண் என்றால் 5 சேர்க்க வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். உங்களுக்கு 780 + 1,075 – 170 + 5 = 1,690.

அடுத்தது பெருக்கெண். வழக்கமான ஐந்து: 1.2, 1.375, 1.55, 1.725, 1.9. உங்கள் ஆப் 1.375-ஆலும் 1.725-ஆலும் பெருக்கியிருக்கிறது, அவ்வளவுதான். சிக்கலும் இங்கேதான். பெரும்பாலான ஆப்கள் இந்த அளவுகளை வாரத்துக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி என்ற கேள்வியோடு ஒட்டிவிடுகின்றன. ஜிம் பக்கமே போகாமல் 8 மணி நேரம் நின்று நடந்து பெட்டி தூக்குகிறவர் ஆப்பில் எந்த அளவைத் தேர்ந்தெடுப்பார்? அவருக்கான கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

அதனால் ஆயத்தப் பெருக்கெண்ணை விட்டுவிட்டு நாளின் 24 மணி நேரத்தைப் பிரித்துப் போடுவது நல்லது. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆற்றல் தேவை அறிக்கையில் இருப்பதும் இதே முறைதான். தூக்கத்தை 1 என்று வைத்தால், உட்கார்ந்திருப்பது சுமார் 1.3 முதல் 1.4, நின்று கைவேலை செய்வதும் லேசான வீட்டு வேலையும் 2-ஐ ஒட்டி, டிராலியோடு நடப்பது 3-க்குக் கொஞ்சம் மேல். கனமாகத் தூக்கினால் இன்னும் கூடும்.

உங்கள் வேலை நாளை நான் ஊகித்தபடி போடுகிறேன், மாறினால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்:

தூக்கம் 8 மணி × 1 = 8
நடந்து ஆர்டர் எடுப்பது 4 மணி × 3.3 = 13.2
நின்று பேக்கிங், ஸ்கேனிங் 3 மணி × 2 = 6
இடைவேளை 1 மணி × 1.4 = 1.4
வீட்டு வேலை, போக்குவரத்து 3 மணி × 2 = 6
வீட்டில் உட்கார்ந்திருப்பது 5 மணி × 1.3 = 6.5

கூட்டினால் 41.1. 24-ஆல் வகுத்தால் 1.71. அடிப்படையான 1,690-ஐ இதனால் பெருக்கினால் வேலை நாளில் சுமார் 2,890 கலோரி.

இதோடு நிறுத்தினால் மிகச் சுறுசுறுப்பு என்பதே சரி என்று தோன்றும். ஆனால் விடுமுறை நாளையும் போட்டுப் பாருங்கள். 9 மணி தூக்கம், 5 மணி லேசான வேலை, 10 மணி உட்கார்ந்திருப்பது: 9 + 10 + 13 = 32. வகுத்தால் 1.33, அதாவது சுமார் 2,250. ஐந்து வேலை நாளையும் இரண்டு விடுமுறையையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நாளுக்கு 2,710. பெருக்கெண் 1.6. லேசானது என்பதும் இல்லை, மிகச் சுறுசுறுப்பு என்பதும் இல்லை. மாலைநடை சொன்ன நடுப்பெட்டிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. அதே 8 மணி நேரம் முழுவதும் மேஜை முன் 1.4-ல் உட்கார்ந்திருந்தால் 11.2. இப்போது 20.6. அடிப்படையான 1,690-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 70 கலோரி. அந்த 9.4-ஐ இதனால் பெருக்கினால் வேலை நாளுக்கு 660 கலோரி. வேலை மாற்றம் உங்களுக்குத் தந்த உண்மையான கூடுதல் இதுதான்.

---

தபால்_பை எழுதியது:

மேலே இருப்பது தெளிவான கணக்கு. என் பங்குக்கு வாட்ச் பற்றிச் சொல்கிறேன். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோவது என் தொழில்.

2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஏழில் ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சரியாகக் காட்டின. கலோரியில்தான் தடுமாற்றம். இருப்பதிலேயே நல்ல கருவியின் சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதில் 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன. ஆனாலும் கலோரி என்பது வாட்ச் நேரடியாக அளக்கிற விஷயம் அல்ல. துடிப்பையும் கை அசைவையும் வைத்துப் போடும் ஊகம்தான்.

குடோன் வேலையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிராலியின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும்போது மணிக்கட்டு ஆடாது. கால் நடக்கும், ஆனால் வாட்ச் அடிகளை விட்டுவிடும். பேக்கிங் மேஜையில் நேர்மாறு. டேப் இழுத்து ஒட்டும் ஒவ்வொரு அசைவும் அடியாகப் பதிவாகலாம். போனை பேன்ட் பையில் வைத்து இரண்டையும் ஒரு ஷிப்டுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அடிகளை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். வேலை நாளையும் விடுமுறை நாளையும், இந்த வாரத்தையும் போன வாரத்தையும் ஒப்பிட அவை நன்றாக உதவும். சாப்பாட்டுத் தட்டில் போடும் அளவை மட்டும் வாட்சிடம் கேட்காதீர்கள்.

---

ஏன்_எப்படி எழுதியது:

எண்கணக்கு அவர்களின் முறையில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. மணிக்கணக்கைப் பெருக்கிக் கூட்டினால் மொத்தச் செலவு வந்துவிடும் என்று உடல் ஒப்புக்கொள்வதில்லை.

ஹெர்மன் பாண்ட்சரும் அவருடைய குழுவினரும் தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களின் ஆற்றல் செலவை அளந்து 2012-ல் வெளியிட்டார்கள். ஐசோடோப்பு கலந்த நீரைக் குடிக்கவைத்து அளக்கும் நம்பகமான முறை அது. நாள் முழுக்க நடக்கும் அந்த மக்களின் மொத்தச் செலவு, உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், மேற்கத்திய நகரவாசிகளுடையதைவிட அதிகமாக இல்லை. பிறகு 2016-ல் ஐந்து மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 332 பேரின் தரவில், உடலியக்கம் குறைவாக இருக்கும் கட்டத்தில் இயக்கம் கூடக்கூடச் செலவு கூடுகிறது, மேல்கட்டத்தில் மட்டமாகிவிடுகிறது என்று கண்டார்கள். உடல் வேறு எங்கோ மிச்சம் பிடிக்கிறது. அப்படியிருக்க 660 கலோரி முழுசாகக் கூடும் என்று எப்படி நம்புவது?

---

எண்கணக்கு எழுதியது:

நல்ல கேள்வி. அதே ஆய்வில்தான் எனக்கான பதிலும் இருக்கிறது. இயக்கம் குறைந்த கட்டத்தில் செலவு ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடோன்_ஷிப்ட் மேஜை வேலையிலிருந்து வந்தவர், அந்த ஏறுமுகப் பகுதியில் நிற்கிறார். அதனால் கணிசமாகக் கூடும். முழு 660-ம் கூடும் என்று நானும் அடித்துச் சொல்லமாட்டேன்.

மிச்சம் பிடிப்பது பல நேரம் கண்ணுக்கே தெரியும். நாள் முழுக்க நின்றவர் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை விட்டு எழமாட்டார். மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட். வார விடுமுறையில் கடைக்குப் போவதைத் தள்ளிப்போடுவார். வேலையில் சேர்ந்த 660-ல் ஒரு பகுதி மாலையிலும் விடுமுறையிலும் கழிந்துவிடும். அதனால்தான் விடுமுறை நாளைத் தனியாகப் போடச் சொன்னேன்.

ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும் என்பதற்கு ஜேம்ஸ் லெவின் குழுவின் 1999 ஆய்வைப் பாருங்கள். 16 பேருக்கு 8 வாரம், தேவைக்கு மேல் நாளுக்கு 1,000 கலோரி கொடுத்தார்கள். ஒருவருக்குக் கூடிய கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. கூடுதல் உணவுக்கு ஏற்பத் தன்னையறியாமல் அசைவு கூடியவர்களுக்குக் கொழுப்பு குறைவாகச் சேர்ந்தது. உடற்பயிற்சியல்ல, நிற்பது, நெளிவது, அங்கும் இங்கும் நடப்பது, அவ்வளவுதான்.

ஆகவே நான் போட்ட 2,710 ஒரு தொடக்கப்புள்ளி. அதைத் திருத்தப்போவது எடைத் தராசு. அந்தத் திருத்தம் இல்லாமல் எந்தச் சூத்திரத்தையும் நம்பவேண்டியதில்லை.

---

நின்றேபாடம் எழுதியது:

நான் ஆசிரியை. காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே இருக்கிறேன். எனக்கும் இதே பெருக்கெண் பொருந்துமா?

---

மாலைநடை எழுதியது:

பொருந்தாது. நிற்பது வேறு, நடப்பது வேறு. வெறுமனே நிற்பதற்கும் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம் நிமிடத்துக்கு சுமார் 0.15 கலோரிதான் என்று 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டார்கள். 6 மணி நேரம் நின்றாலும் 54 கலோரி. கால் வலிக்கிற அளவுக்குக் கலோரி எரிவதில்லை. வகுப்புக்குள் எவ்வளவு நடக்கிறீர்கள், எத்தனை தடவை மாடி ஏறி இறங்குகிறீர்கள் என்பதுதான் உங்கள் எண்ணை மாற்றும். 1.4-க்கும் 1.5-க்கும் நடுவே தொடங்குங்கள்.

---

கரணை எழுதியது:

கட்டுமான வேலை செய்கிறவன். எல்லோரும் அதிகமாகச் சாப்பிட்டுவிடக்கூடாதே என்ற பயத்திலேயே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் நடப்பது தலைகீழ். எடை குறைக்க வேண்டும் என்று ஆப் சொன்ன 1,800-ஐப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வருகிற பையன்களைப் பார்க்கிறேன். முதல் வாரம் உற்சாகமாக இருப்பார்கள். அப்புறம் மதியத்துக்கு மேல் கை நடுங்கும், சாரத்தில் கால் வைக்கும்போது கவனம் தப்பும். கீழே நிற்பவர் தலையில் செங்கல் விழுந்தால் யார் பொறுப்பு? மேஜை வேலையில் பசித்தால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். எங்கள் இடத்தில் பசி ஆபத்து.

சிமெண்ட் மூட்டை சுமப்பதும் கலவை போடுவதும் நடையை எல்லாம் தாண்டிய வேலை. எண்கணக்கு சொன்ன அந்த 2004 அறிக்கையிலேயே கடும் உழைப்பாளிகளுக்கு 2 முதல் 2.4 வரை பெருக்கெண் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவரை லேசானது பெட்டியில் அடைத்து, அதிலும் 500 கழித்தால் உடம்பு என்ன ஆகும்?

என் அனுபவத்தில் பார்க்க வேண்டியவை இவை: காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா? இரவில் பசியால் விழிப்பு வருகிறதா? தூக்கிப் பழகிய சுமை திடீரென்று கனக்கிறதா? கைப்பிடி தளர்கிறதா? இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் தராசு என்ன சொன்னாலும் சாப்பாட்டைக் கூட்டுங்கள். புரதத்தையும் விட்டுவிடாதீர்கள். எடை குறையும்போது தசையைக் காப்பாற்ற, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் நல்ல இலக்கு.

---

இரவுப்பணி_செவிலி எழுதியது:

கரணை அண்ணா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பெண்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மை. என் வயது 41, உயரம் 158 செ.மீ., எடை 58 கிலோ. மேலே இருக்கும் சூத்திரப்படி அடிப்படை 1,200 மட்டும். வார்டில் ஓடும் நாட்களையும் விடுமுறையையும் சேர்த்து 1.6 என்று வைத்தால் 1,920. எல்லோரும் சொல்கிறார்கள் என்று 500-ஐக் கழித்தால் 1,420. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, ஸ்ட்ரெச்சர் தள்ளி, இரவு முழுக்க விழித்திருக்கும் உடம்புக்கு அது போதாது. 78 கிலோ ஆணுக்கும் 58 கிலோ பெண்ணுக்கும் ஒரே 500 என்பது எந்த நியாயம்? 10 முதல் 15 சதவீதம் என்று குறைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எனக்கு அது 200 முதல் 290 வரை.

என் கேள்வி இது. ஷிப்ட் இரவு 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு முடிகிறது. ஆப் நள்ளிரவில் நாளை வெட்டிவிடுகிறது. ஒரே ஷிப்டின் சாப்பாடு இரண்டு நாளாகப் பிரிந்து, ஒரு நாள் குறைவாகவும் மறுநாள் அதிகமாகவும் தெரிகிறது. எதைப் பார்ப்பது?

---

மாலைநடை எழுதியது:

தோழி, தூங்கி எழுவதிலிருந்து அடுத்த முறை தூங்கி எழும் வரை ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குப் பின் சாப்பிட்டதையும் முந்தைய தேதியிலேயே பதியலாம், பல ஆப்கள் அதை அனுமதிக்கும். இன்னும் எளிய வழி, நாளையே மறந்துவிட்டு வார மொத்தத்தைப் பார்ப்பது. வாரத்தில் சில நாள் மட்டும் நீண்ட ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு வாரக் கணக்குதான் ஒத்துவரும். எடையும் தூங்கி எழுந்ததும்தான் பார்க்க வேண்டும், அது காலையாக இருந்தாலும் மாலையாக இருந்தாலும் சரி.

---

சர்க்கரை_கவனம் எழுதியது:

இந்த இழையைப் படிக்கும் நீரிழிவுக்காரர்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் உழைப்பையும் கூட்டி உணவையும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். மேஜை வேலையில் இருந்தபோது பொருந்திய மருந்தளவு இப்போது அதிகமாகிவிடும். இலக்கைத் தொடும் முன்பே மருத்துவரிடம் வேலை மாறியதைச் சொல்லுங்கள். ஷிப்டில் சட்டைப்பையில் இனிப்பாக ஏதாவது இருக்கட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இங்கே வரும் கணக்குகளை வைத்துக் குறைக்கவே வேண்டாம்.

---

குடோன்_ஷிப்ட் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. எண்கணக்கு அவர்களின் அட்டவணையை என் ஷிப்டோடு ஒப்பிட்டேன், ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. 2,710-ல் 400 கழித்து வாரச் சராசரி 2,300 என்று வைத்தேன். எல்லா நாளும் ஒரே 2,300 என்றால் வேலை நாளில் பசி தாங்கவில்லை, விடுமுறையில் மிஞ்சுகிறது. அதனால் வேலை நாளில் 2,450, விடுமுறையில் 1,925 என்று பிரித்துக்கொண்டேன். வார மொத்தம் அதே 16,100.

ஆனால் எடை ஏறியிருக்கிறது. ஒழுங்காகக் கடைப்பிடித்த முதல் வாரத்திலேயே ஒரு கிலோவுக்கு மேல் கூடிவிட்டது. தொடைகளும் தோள்களும் தொட்டால் வலிக்கின்றன. இலக்கைக் குறைத்துவிடவா?

---

கரணை எழுதியது:

தொடாதீர்கள். அது தண்ணீர்.

---

எண்கணக்கு எழுதியது:

கரணை சொன்னதுதான். பழக்கமில்லாத உழைப்பில் தசைநார்கள் நுண்ணளவில் சேதமாகி, அதைச் சரிசெய்ய உடல் நீரை அங்கே தேக்கும். வலி இருக்கும்வரை அந்த நீரும் இருக்கும். தசையில் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தும் கூடவே நீரைப் பிடித்துவைக்கும். வியர்வை அதிகமான நாளில் உப்பும் தண்ணீரும் மாறி மாறித் தராசை ஆட்டும். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் செலவுக்கு மேல் சுமார் 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்க வேண்டும். 16,100 சாப்பிட்ட வாரத்தில் அது நடக்க வழியே இல்லை.

புதிய வேலையில் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு வாரத் தராசை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது. தினமும் எழுந்ததும் எடை பாருங்கள். அந்த எண்ணை அல்ல, ஏழு நாள் சராசரியை மட்டும் குறித்துவையுங்கள். மூன்றாவது வாரச் சராசரியையும் ஏழாவது வாரச் சராசரியையும் ஒப்பிடுங்கள். நடுவில் நான்கு வாரம், அதாவது 28 நாள்.

400 பற்றாக்குறை உண்மையாக இருந்தால் 28 நாளில் 11,200 கலோரி. 7,700-ஆல் வகுத்தால் 1.45 கிலோ குறைந்திருக்க வேண்டும். 0.7 கிலோ மட்டும் குறைந்திருந்தால்? 0.7-ஐ 7,700-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் நாளுக்கு 190. அப்படியானால் உங்கள் செலவு 2,710 அல்ல, 2,490. அந்த எண்ணே இனி உங்கள் எண்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். 220 கலோரி எங்கே காணாமல் போனது என்று தேடவே வேண்டாம். உடல் மிச்சம் பிடித்திருக்கலாம், ஏன்_எப்படி சொன்ன மாதிரி. பெருக்கெண்ணை நான் கூட்டி வைத்திருக்கலாம். எண்ணெயை அளக்காமல் ஊற்றிக் குறைவாகப் பதிந்திருக்கலாம். எல்லாப் பிழையும் சேர்ந்து அந்த ஒரே எண்ணுக்குள் வந்துவிடும். நீங்கள் பதிகிற பாணி மாறாமல் இருந்தால் போதும், உங்கள் பதிவுக்கும் உங்கள் தராசுக்கும் பொருந்துகிற இலக்கு கிடைத்துவிடும்.

---

ஏன்_எப்படி எழுதியது:

இதை முழு மனதோடு ஏற்கிறேன். பதிவுப் பிழையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம் என்பதை மட்டும் சேர்க்கிறேன். உணவுக் கட்டுப்பாடு தங்களுக்குப் பலிக்கவே இல்லை என்று சொன்னவர்களை 1992-ல் ஒரு குழு அளந்து பார்த்தது. அவர்கள் உண்டதை 47 சதவீதம் குறைத்தும் உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் குறையேதும் இல்லை. உழைப்பு வேலைக்காரர்களுக்கு இரண்டாவது எண்தான் கண்ணி. உடல் அசந்துபோனதை வைத்துக் கலோரியை எடைபோடுகிறோம். சூட்டில் நின்றாலும் அசதி, தூக்கம் கெட்டாலும் அசதி. அவற்றுக்கெல்லாம் கலோரி எரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

பசியை மட்டும் நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஜான் மேயர் குழுவின் 1956 ஆய்வு இருக்கிறது. மேற்கு வங்கத்தில் சணல் ஆலைத் தொழிலாளர்களிடம் செய்தது. நடுத்தரம் முதல் கடும் உழைப்பு வரை, உழைப்புக்கு ஏற்ப உணவும் கூடியது, எடை ஏறவில்லை. உட்கார்ந்தே வேலை செய்தவர்களிடம்தான் இந்த இணக்கம் அறுந்திருந்தது. உழைப்பு குறைவு, ஆனால் உணவும் எடையும் அதிகம். உட்கார்ந்த வேலையிலிருந்து வந்தவருக்குப் பசி சீராக நாளாகும் என்பது என் கருத்து. அதுவரை எழுதிவைத்துச் சாப்பிடுவது நல்லது.

---

தபால்_பை எழுதியது:

ஒரு சின்ன விஷயம். ஷிப்ட் முடிந்து வீடு வந்ததும் எதைக் கண்டாலும் சாப்பிடத் தோன்றுகிற நேரம்தான் என்னைப் போன்றவர்களுக்குக் கண்டம். வேலை நாளின் பெரும்பங்கை ஷிப்டுக்கு முன்பும் நடு இடைவேளையிலும் சாப்பிட்டுவிட்டால் அந்த வெறி வராது. தண்ணீரையும் கவனியுங்கள். நாக்கு வறண்டு வீடு வந்தால் பசியா தாகமா என்று பிரித்தறிய முடியாது.

---

குடோன்_ஷிப்ட் எழுதியது:

திரும்ப வந்துவிட்டேன். வலி போனதும் ஏறிய எடை தானாக இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான்கு வாரச் சராசரியில் 1.1 கிலோ குறைந்திருக்கிறது. எண்கணக்கு காட்டிய வழியில் போட்டால் நாளுக்கு சுமார் 300 பற்றாக்குறை, செலவு 2,600. முதல் ஊகத்துக்கும் இதற்கும் 110தான் வித்தியாசம். வேகம் போதும், தூக்கமும் நன்றாக இருக்கிறது, அதனால் இலக்கை மாற்றவில்லை.

இன்னொரு கேள்வி. பண்டிகைக் கால நெருக்கடி வருகிறது. சில வாரங்களுக்கு தினமும் 2 மணி நேரம் ஓவர்டைம் இருக்கும் என்கிறார்கள். அதற்காகப் புதிய பெருக்கெண் போட வேண்டுமா?

---

எண்கணக்கு எழுதியது:

பெருக்கெண்ணைத் தொட வேண்டாம். இடைவேளையை விட்டுப் பார்த்தால் உங்கள் வேலை நேரத்தின் சராசரி மதிப்பு 2.7. அந்த நேரம் வீட்டில் இருந்தால் உட்கார்ந்திருப்பீர்கள், அது 1.3. வித்தியாசம் 1.4, மணிக்கு 70-ஆல் பெருக்கினால் 100 கலோரி. 2 மணி ஓவர்டைம் என்றால் 200. அளந்து பார்த்ததில் உங்கள் செலவு ஊகத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. ஆகவே 150 சேர்த்து 2,600 வைத்துக்கொள்ளுங்கள், ஓவர்டைம் பார்த்த நாளில் மட்டும்.

ஓவர்டைம் தூக்கத்தைத் தின்றால் அந்த வாரங்களில் பற்றாக்குறையே வேண்டாம். ஓவர்டைம் நாளில் 3,000 வரை சாப்பிட்டு எடையை அப்படியே நிறுத்திவையுங்கள், நெருக்கடி முடிந்ததும் 2,450-க்குத் திரும்பலாம்.

---

கரணை எழுதியது:

இரண்டாவது வழியையே எடுங்கள் தம்பி. ஓவர்டைம் நேரத்தில்தான் மேல் ரேக்கிலிருந்து பெட்டி இறக்கும்போது கை தவறும்.

---

குடோன்_ஷிப்ட் எழுதியது:

சரி அண்ணா, அப்படியே செய்கிறேன். ஓவர்டைம் நாள்களுக்கு 3,000 என்று இப்போதே ஆப்பில் மாற்றிவிட்டேன்.